ஐந்து சென்டிமீட்டர் எங்கே போயிற்று?
(வாசகர் கேள்வி – பதில்)

பங்குனி பிறந்துவிட்டால் நெல்லைச் சீமையின் பள்ளிச் சுற்றுச்சுவர்களில் கோடைப் பயிலரங்கு அறிவிப்புகள் முளைத்துவிடுகின்றன. ட்ரோன், ராக்கெட், ஏவுகணை, ரேடார் என்று இவ்வாண்டு எல்லாவற்றிலும் ராணுவ வாடை சற்றுத் தூக்கலாகவே வீசுகிறது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதைப் பற்றியே இருப்பதால், மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

ஐயா, என் மகன் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான். பாதுகாப்புத் தொழில்நுட்பச் செய்முறைப் பயிலரங்கு இரண்டு நாள் நடக்கப்போவதாகவும், கட்டணம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் என்றும் பள்ளியில் சீட்டுக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். வெடிமருந்தைக் கையில் கொடுத்துவிடுவார்களோ என்று என் மாமியார் அஞ்சுகிறார். கொடுக்கிற பணத்துக்குப் பயன் இருக்குமா என்பது என் கவலை. அனுப்பலாமா?
— ஒரு தாய், வள்ளியூர்

உங்கள் மாமியாரை முதலில் நிம்மதியாக இருக்கச் சொல்லுங்கள், அம்மா. பள்ளிப் பிள்ளைகளிடம் வெடிமருந்தைக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. முறையாக நடக்கும் எந்தப் பயிலரங்கிலும் அது பாடமாகவும் இருப்பதில்லை. பாதுகாப்புத் தொழில்நுட்பம் என்று இவர்கள் சொல்வதைப் பிரித்துப் பார்த்தால், தொலைவில் இருப்பதைக் கண்டறிவது, செய்தி அனுப்புவது, எடை குறைந்த உறுதியான பொருளைச் செய்வது, உந்துவிசையால் ஒன்றை மேலே செலுத்துவது என்ற நான்கைந்து காரியங்களே மிஞ்சும். இவற்றின் வேர்கள் அனைத்தும் பள்ளி இயற்பியல் புத்தகத்திலேயே இருக்கின்றன.

உங்கள் கவலைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் நம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் இத்தகைய பயிலரங்கின் நிறைவு விழாவுக்கு என்னை அழைத்திருந்தார்கள். அறுபது பிள்ளைகள் இருந்த அரங்கில் கருவி ஒன்றே ஒன்று, அதுவும் மேடை மேசையின் மேல். பயிற்சியாளர் ஒயர்களை இணைப்பதைத் திரையில் பெரிதாகக் காட்டினார்கள். விளக்கு எரிந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். சான்றிதழ் வாங்க வந்த சிறுமி ஒருத்தி என்னிடம், “சார், அதைக் கொஞ்சம் தொட்டுப் பாக்கலாமா?” என்று மெதுவாகக் கேட்டாள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் கருவியைப் பெட்டியில் வைத்துக் கயிறு கட்டிவிட்டார்கள். ராக்கெட் படம் அச்சிட்ட அந்தச் சான்றிதழ்களை என் கையால் கொடுத்தேன் என்பது இன்றும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

ஆகையால் பணம் கட்டுவதற்கு முன் பள்ளியில் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். ஒரு கருவிக்கு எத்தனை பிள்ளைகள் என்பது ஒன்று. மூன்று பேர் என்றால் நன்று, ஐந்து பேர் என்றால் பொறுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் போனால் உங்கள் மகன் வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் திரும்புவான். அவன் செய்தது வேலை செய்யாமல் போனால் யார் என்ன செய்வார்கள் என்பது மற்றொன்று. “எல்லாம் சரியாக வேலை செய்யும், கவலைப்படாதீர்கள்” என்று பதில் வந்தால் அனுப்பாதீர்கள். பிழையைத் தேடிக் கண்டுபிடிக்கப் பிள்ளைக்கு நேரம் ஒதுக்காத பயிலரங்கில் அவன் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. சான்றிதழைப் பெரிதாக எண்ண வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கென்றே இஸ்ரோ 2019 முதல் ‘யுவிகா’ என்ற இளம் விஞ்ஞானி முகாமை நடத்திவருகிறது. தேர்வாகும் பிள்ளைகளின் பயணம், தங்குமிடம், உணவுச் செலவுகளை இஸ்ரோவே ஏற்றுக்கொள்ளும். உங்கள் மகன் சரியாக அந்த வகுப்பில் இருக்கிறான். அறிவிப்பைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். வெளியாட்களை அழைக்கப் பள்ளியில் நிதி இல்லை. இரண்டு மணி நேரத்தில், குறைந்த செலவில், பாதுகாப்புத் தொழில்நுட்பத்தைப் பிள்ளைகள் கையால் செய்து உணரும்படி ஏதாவது செய்ய முடியுமா?
— ஆசிரியர், முக்கூடல்

தாராளமாக முடியும். கேளா ஒலி உணரி ஒன்றும், நிரல் எழுதி இயக்கும் சிறிய மின்னணுப் பலகையான ஆர்டுயினோ ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். இரண்டு கண்கள் போல முகப்பில் வட்டங்கள் கொண்ட அந்தச் சிறிய உணரியின் ஒரு கண் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பும், மற்றொரு கண் எதிரொலியைக் கேட்கும். நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுவதால் வகுப்பறையில் யாருக்கும் அது கேட்காது. ஒலி போய்த் திரும்பும் நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் தூரம் கிடைக்கும். வௌவாலும், ஒலியால் தேடும் நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் கருவியும் செய்கிற வேலை இதுவே.

இதுவரை எல்லாப் பயிலரங்கிலும் செய்கிறார்கள். நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்த படியை. பிள்ளைகளிடம் டேப்பைக் கொடுத்துச் சுவரிலிருந்து மிகச் சரியாக 2 மீட்டர் தள்ளி உணரியை வைக்கச் சொல்லுங்கள். நம்மூர்ச் சித்திரை மாதப் பிற்பகலாக இருந்தால், திரையில் 200 சென்டிமீட்டர் வராது. 194, 195 என்றுதான் வரும். இந்த இடத்தில் நீங்கள் வாய் திறக்கக் கூடாது. முதலில் டேப்பைச் சந்தேகிப்பார்கள். வேறு டேப் கொண்டுவந்து அளப்பார்கள். அடுத்து ஒயரைப் பிடுங்கி மாட்டுவார்கள். சுவரின் காரை பெயர்ந்திருப்பதைக் குற்றம் சொல்வார்கள். ‘மட்டமான கருவி சார்’ என்று ஒருவன் தீர்ப்பே எழுதிவிடுவான். நான் பார்த்த ஒரு வகுப்பில் அரை மணி நேரத்துக்குப் பிறகு, கடைசி பெஞ்சில் விசிறிக்கொண்டிருந்த பையன், “வெக்கையா இருக்கிறதுனால இருக்குமோ சார்?” என்றான்.

அவன் சொன்னதுதான் சரி. பலகையின் நிரலில் எழுதியிருக்கும் விநாடிக்கு 343 மீட்டர் என்ற ஒலி வேகம் 20 டிகிரி வெப்பநிலைக்கு உரியது. ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு 0.6 மீட்டர் கூடும். வகுப்பறையில் 35 டிகிரி என்றால் வேகம் ஏறத்தாழ 352. ஒலி விரைந்து திரும்பிவிட்டது. கருவியோ பழைய வேகத்தை நம்பிக்கொண்டு தூரத்தைக் குறைத்துச் சொல்லிவிட்டது. அந்த எண்ணை மாற்றி எழுதியதும் திரையில் 200 தோன்றும். காணாமல் போன ஐந்து சென்டிமீட்டரைத் தாங்களே தேடிப் பிடித்த பிள்ளைகள் அந்தச் சூத்திரத்தை மறக்க மாட்டார்கள்.

அப்போதுதான் கடலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர் வேகத்தில் செல்லும். வெப்பநிலை, உப்பு, ஆழம் மூன்றும் அந்த வேகத்தை மாற்றுகின்றன. மேலே வெதுவெதுப்பான நீரும் கீழே குளிர்ந்த நீரும் இருக்கும் இடத்தில் ஒலி வளைந்துவிடுவதால், அந்த எல்லைக்குக் கீழே நீர்மூழ்கி ஒளிந்துகொள்ள முடியும். கொச்சியில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ நடத்தும் கடற்படை ஆய்வகம் சோனார்களோடு கடலையும் சேர்த்து ஆராய்வதற்கும், அதற்கென்றே சாகர்த்வனி என்ற ஆய்வுக் கப்பல் இருப்பதற்கும் காரணம் இதுதான். உங்கள் வகுப்பின் வெக்கையும் அந்தக் கப்பலின் வேலையும் ஒரே கணக்கு.

நேரம் இருந்தால், சுவருக்கு முன்னால் ஒரு பரீட்சை அட்டையை நேராகவும் பிறகு சாய்வாகவும் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாய்வாகப் பிடித்ததும் எதிரொலி வேறு பக்கம் ஓடிவிட, கருவிக்கு அட்டை தெரியாமல் போய்விடும். ரேடாருக்கு எளிதில் சிக்காத விமானங்களின் உடல் ஏன் அப்படி வெட்டுவெட்டாக இருக்கிறது என்பதை அதன் பிறகு நீங்கள் விளக்கத் தேவையில்லை.

மின்கருவியே வேண்டாம் என்றால், பத்தமடைப் பாய் ஒன்றை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போங்கள். கோரையும் பாவு நூலும் ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடுவதைக் காட்டிவிட்டு, பழைய செய்தித்தாளைக் கீற்றுகளாகக் கிழித்து மைதாப் பசையில் தோய்த்து, ஒரு குழு எல்லாக் கீற்றுகளையும் ஒரே திசையிலும் மற்றக் குழு அடுக்குக்கு அடுக்கு திசை மாற்றியும் ஒட்டிப் பட்டை செய்யட்டும். ஒரு நாள் காய்ந்த பிறகு, பட்டையை இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மாற்றி வைத்து, தூக்குவாளியைத் தொங்கவிட்டு டம்ளர் டம்ளராகத் தண்ணீர் ஊற்றுங்கள். எது எத்தனை டம்ளருக்குத் தாங்கியது என்று எழுதிவைக்கச் சொல்லுங்கள். விமான இறக்கைகளில் கார்பன் இழைகளை ஏன் பல திசைகளில் அடுக்குகிறார்கள் என்பது அதில் அடங்கியிருக்கிறது.

நிதியைப் பொறுத்தவரை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் தமிழ்நாடு அரசு 2022 நவம்பரில் தொடங்கிய அறிவியல், கணக்குச் செய்முறைத் திட்டமான வானவில் மன்றம் உங்கள் பள்ளிக்கும் உரியது. மத்திய அரசின் ‘இன்ஸ்பயர் மானக்’ திட்டத்தில் பிள்ளையின் யோசனை தேர்வானால் மாதிரி செய்யப் பத்தாயிரம் ரூபாய் கிடைக்கும். விண்ணப்பத்தில் பெரிய ஏவுகணைக் கனவுகளை எழுதாமல், அந்த விசிறிக்கொண்டிருந்த பையன் கேட்டது போன்ற கேள்வியை எழுதச் சொல்லுங்கள்.

சார், நான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். சர்க்கரையோடு ஓர் உப்பைச் சேர்த்து அடுப்பில் காய்ச்சி ராக்கெட் செய்வதை வீடியோவில் பார்த்தேன். நானும் நண்பனும் எங்கள் தோட்டத்தில் செய்து பார்க்கலாமா?
— ஒரு மாணவன், ராதாபுரம்

கூடாது, தம்பி. அந்தக் கலவை அடுப்பிலேயே தீப்பிடிக்கக்கூடும். பிடித்தால் எளிதில் அணைக்க முடியாது. உரிமம் இல்லாமல் அதைச் செய்வது சட்டப்படியும் குற்றம். வீடியோ எடுத்தவர் தன் கைக்கு என்ன ஆயிற்று என்பதை எப்போதும் காட்டுவதில்லை.

உனக்கு ஏற்றது தண்ணீர் ராக்கெட். குடிதண்ணீர் பாட்டில் வேண்டாம். வாயு அடைத்த குளிர்பான பாட்டிலை எடுத்துக்கொள், அது அழுத்தம் தாங்குவதற்கென்றே செய்தது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, நடுவில் வால்வு பொருத்திய தக்கையால் இறுக அடைத்து, தலைகீழாகத் தாங்கியில் நிறுத்தி சைக்கிள் பம்ப்பால் காற்றடிக்க வேண்டும். பள்ளி மைதானத்தில், ஆசிரியர் உடனிருக்கையில் மட்டும் செய், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள், நீளமான குழாய் மாட்டித் தள்ளி நின்று காற்றடி, காற்றேறிய பாட்டிலுக்கு நேராக முகத்தைக் கொண்டுபோகாதே. தண்ணீரைக் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு, அரைப் பங்கு என்று மாற்றி ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு உயரம் போகிறது என்று வரைபடம் போடு. காற்று மட்டும் இருந்தாலும் சரியாகப் போகாது, தண்ணீர் மிஞ்சினாலும் போகாது என்பது உனக்கே தெரியும்.

முதல் நாள் தக்கையோரம் கசிந்து, ராக்கெட் எழும்பாமல் காலை நனைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். அதற்காக முகம் வாடாதே. 2013 ஆகஸ்ட் 19 அன்று ஜிஎஸ்எல்வி டி5 ராக்கெட் ஏவப்படுவதற்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகவே இருக்கும்போது, இரண்டாம் அடுக்கில் எரிபொருள் கசிவதைக் கண்டு நிறுத்தினார்கள். அந்த அடுக்கையே மாற்றிவிட்டு 2014 ஜனவரி 5 அன்று ஏவி வெற்றி கண்டார்கள். நம் நாட்டிலேயே உருவான கிரையோஜெனிக் இயந்திரம் விண்ணில் முதன்முதலாக வெற்றிகரமாக வேலை செய்ததும் அன்றுதான். மைனஸ் 253 டிகிரியில் திரவமாக இருக்கும் ஹைட்ரஜனை எரிக்கும் அத்தகைய இயந்திரங்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி வளாகம் உன் ஊரிலிருந்து அதிக தூரமில்லை.

விஜயநாராயணத்தில் வானளாவ நிற்கும் கோபுரங்கள் கடற்படைக்குச் சொந்தமானவை என்கிறார்கள். கடலே கண்ணில் படாத செம்மண் காட்டில் கடற்படைக்கு என்ன வேலை?
— ஒரு வாசகர், நாங்குநேரி

கடலுக்கு அடியில் இருப்பவர்களோடு பேசுகிற வேலை. 1990-இல் தொடங்கிய ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம் மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகளால் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புகிறது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால், பண்பலை வானொலி போன்ற அலைகள் அதில் சில சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அலைகளோ பத்துப் பதினைந்து மீட்டர் ஆழம் வரை இறங்கும். இவற்றின் ஒரு அலையின் நீளமே 10 கிலோமீட்டருக்குக் குறையாது என்பதால் அவற்றை அனுப்ப அத்தனை உயரக் கோபுரங்களும் அத்தனை பரந்த நிலமும் தேவைப்படுகின்றன. கப்பல் அலைமேல் வரத் தேவையில்லை, ஆனால் பதிலும் சொல்ல முடியாது. கேட்க மட்டுமே முடியும்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமானால், சிறிய பண்பலை வானொலி ஒன்றைப் பாட வைத்து எவர்சில்வர் தூக்குவாளிக்குள் வைத்து மூடுங்கள். பாட்டு நின்றுபோய் இரைச்சல் மட்டும் கேட்கும். மூடியைச் சற்றே திறந்தால் பாட்டு மெல்ல எட்டிப்பார்க்கும்.

எங்கள் பள்ளியில் ட்ரோன் பயிலரங்கு நடத்தலாம் என்றிருக்கிறோம். மைதானத்தில் பறக்கவிட அனுமதி வேண்டுமா?
— பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினர், திசையன்விளை

கட்டாயம் பார்க்க வேண்டும். அணுமின் நிலையம், விண்வெளி வளாகம், கடற்படை நிலையம் மூன்றும் உங்களைச் சுற்றி இருக்கின்றன. 2021 ட்ரோன் விதிகளின்படி, சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியின்றி எதையும் பறக்கவிடக் கூடாது. உங்கள் மைதானம் எந்த மண்டலத்தில் வருகிறது என்பதை மத்திய அரசின் ‘டிஜிட்டல் ஸ்கை’ இணைய வரைபடத்தில் முதலில் பாருங்கள். இயக்குபவர் சான்றிதழ் பெற 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். பள்ளிக்கு என் யோசனை, கூரை போட்ட அரங்கினுள் 250 கிராமுக்குக் குறைந்த சிறிய ட்ரோனோடு நிறுத்திக்கொள்வதுதான்.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பத்து வயதுப் பிள்ளையிடம் ஏவுகணையைக் காட்டிப் பெருமைப்படச் சொல்வது முறையா என்று எனக்கு மனம் ஒப்பவில்லை. தங்கள் கருத்தென்ன?
— பாளையங்கோட்டை

ஐயா, உங்கள் தயக்கத்தில் எனக்கும் பாதி உண்டு. ஏவுகணையின் படத்தைக் காட்டி முழக்கமிடச் செய்துவிட்டு அதற்குப் பயிலரங்கு என்று பெயர் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதில் அறிவியலும் இல்லை. ஆனால் இந்தத் துறையை முற்றிலும் மறைத்துவைத்தால், பிள்ளை அதைத் திரைப்படத்திலிருந்தும் விளையாட்டுச் செயலியிலிருந்தும் மட்டுமே அறிந்துகொள்வான். அது இதைவிட மோசம்.

அக்னி ஏவுகணைக்காக உழைத்துக்கொண்டிருந்த காலத்தில் அப்துல் கலாம், ஹைதராபாத் மருத்துவமனை ஒன்றில் நடக்க உதவக் காலில் பூட்டும், 3 கிலோ எடையுள்ள உலோகக் காலிப்பரை இழுத்துக்கொண்டு நடந்த பிள்ளைகளைப் பார்த்தார். ஏவுகணைக்கென உருவான எடை குறைந்த பொருளைக் கொண்டு அதைச் சுமார் 300 கிராமுக்குக் குறைத்தார்கள். தமக்குப் பேருவகை தந்தவற்றுள் ஒன்றாக அவர் இதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். என் வகுப்புகளில் இதை நான் கதையாகச் சொல்வதில்லை. 3 கிலோ அரிசிப் பையை ஒரு பிள்ளையின் காலில் கட்டிப் பத்தடி நடக்கவிட்டு, பிறகு 300 கிராம் பொட்டலத்தைக் கட்டி நடக்கவிடுவேன். ஏவுகணைக்கென உருவான பொருள் எதற்கு ஆகலாம், எதற்கு ஆகக் கூடாது என்ற பேச்சை அதன் பிறகு பிள்ளைகளே தொடங்குவார்கள். அந்தப் பேச்சுக்கு உங்களைப் போன்ற தமிழாசிரியர் ஒருவர் வகுப்பில் இருந்தால் மிகவும் நல்லது.

பெண் பிள்ளைகளுக்கு இத்துறையில் இடம் உண்டா? வேலை நம் மாவட்டத்திலேயே கிடைக்குமா?
— ஒரு தந்தை, களக்காடு

உண்டு. தேசியப் பாதுகாப்பு அகாடமியிலேயே 2022 முதல் பெண்கள் சேர்க்கப்படுகிறார்கள். அக்னி ஏவுகணைத் திட்டப் பணியில் டெஸ்ஸி தாமஸ் என்ற பெண் விஞ்ஞானி தலைமை ஏற்றது பல ஆண்டுகளுக்கு முன்பே. வேலையைப் பொறுத்தவரை மிகையாகச் சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்கள் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி. நெல்லை அதில் இல்லை. நம் பக்கத்தில் மகேந்திரகிரியும், 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட குலசேகரப்பட்டினம் ஏவுதளமும் இருக்கின்றன. இவை விண்வெளித் துறையைச் சேர்ந்தவை என்றாலும் படிக்க வேண்டிய கணக்கும் இயற்பியலும் ஒன்றுதான்.

ஐயா, நான் ஆறாம் வகுப்பு. எங்கள் ஊரில் காந்தத்தை ஆராயும் நிலையம் இருக்கிறது. காந்தத்துக்கும் ராணுவத்துக்கும் தொடர்பு உண்டா? நான் வீட்டில் ஏதாவது செய்து பார்க்கலாமா?
— ஒரு மாணவி, கிருஷ்ணாபுரம்

உண்டு, பாப்பா. நீர்மூழ்கிக் கப்பல் பெரிய இரும்புக் குண்டு அல்லவா? அது இருக்கும் இடத்தில் பூமியின் காந்தப்புலம் மிகச் சிறிதளவு மாறும். நம் கடற்படையின் பி-8ஐ விமானங்கள் அரக்கோணத்திலிருந்து புறப்பட்டுக் கடலுக்கு மேல் தாழப் பறந்து அந்த மாற்றத்தைத் தேடும்.

உன் ஊருக்கு ஒரு சிறப்பு உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலியை ஒட்டிச் செல்கிறது. அந்த நிலையத்தை அங்கே அமைத்ததும் அதனால்தான். டெல்லியில் ஒரு காந்த ஊசியை நடுவில் கட்டித் தொங்கவிட்டால் அதன் வடமுனை நாற்பது டிகிரிக்கும் மேல் தரையை நோக்கிக் குனியும். உன் வீட்டில் ஏறத்தாழப் படுத்தபடியே நிற்கும். அம்மாவிடம் ஒரு தையல் ஊசியும் நூலும் வாங்கிக்கொள். நடுவில் நூலைக் கட்டி, தராசு முள் போல நேராக நிற்கும் வரை நகர்த்தி, அந்த இடத்தில் ஒரு சொட்டுப் பசை வை. பசை காய்ந்த பிறகு காந்தத்தால் ஒரே பக்கமாக இருபது முப்பது முறை தேய். வரிசையை மாற்றிவிடாதே: முதலில் காந்தமாக்கிவிட்டுப் பிறகு நூலைக் கட்டினால், ஊசி குனிந்தாலும் நீயே நூலை நகர்த்தி நேராக்கிவிடுவாய், அது குனிந்ததா இல்லையா என்பது உனக்குத் தெரியாமலே போய்விடும்.